ஜீப்புக்கு ஒரு பாஸ்புக், வயசுக்கு ஒரு பாஸ்புக்

கம்பத்தில் விடிகாலை நாலே முக்காலுக்கு என் வேலை தொடங்கிவிடும். நான் தபால் ஆபீஸ் ஆர்.டி. ஏஜெண்ட், அதாவது மாதாமாதம் கட்டும் தொடர் சேமிப்புக்குப் பணம் பிரிப்பவள். மலையில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகள் கிளம்பிவிட்டால் அப்புறம் சாயங்காலம்தான் ஆளைப் பிடிக்க முடியும். அதனால் தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே, அவரவர் தவணையை எழுதும் அட்டைக்கட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வண்டியாகப் போய் நிற்பேன். "அக்கா, இந்த மாசம் மட்டும் விட்டுருங்க, கிளச் போயிருச்சு" என்று ஒரு டிரைவராவது சொல்லாத மாதம் கிடையாது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் வீட்டிலும் ஒரு ஜீப் நிற்கிறது.

எங்களுடையது 1998 மாடல் மஹிந்திரா கமாண்டர், டி.ஐ. இன்ஜின். வீட்டுக்காரர் முதலில் அடுத்தவர் ஜீப்பில் டிரைவராக இருந்தார். பிறகு கேரளப் பக்கம் மலையில் உள்ள வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் ஏலக்காய்த் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தோம். உர மூட்டை ஏற்றவும் பச்சைக்காயை இறக்கவும் என்று இந்த வண்டியை இரண்டாம் கையில் வாங்கினோம். இத்தனை வருடத்தில் நான் கண்டது இதுதான்: வண்டிச் செலவும் வயசான காலத்துச் சேமிப்பும் ஒரே சட்டைப்பையில் இருந்தால், வண்டி சேமிப்பைத் தின்றுவிடும். ஜீப் நின்றால் நாளைக்குச் சோறில்லை. வயசு நின்று கேட்பதற்கு இன்னும் இருபது வருடம் இருக்கிறது. அதனால் எப்போதும் ஜீப்புக்குத்தான் முதல் காசு போகும்.

பழைய ஜீப் வாங்க நினைப்பவர்களும், ஏற்கெனவே வைத்துக்கொண்டு திணறுபவர்களும், கையில் மிச்சம் பிடிக்கத் தெரியாத புதுசுகளும் என்னிடம் கேட்டதை வைத்து இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆர்.டி. பிடித்துக் கொடுத்தால் எனக்கு 4 சதவீதம் கமிஷன் உண்டு. பி.பி.எஃப். என்ற 15 வருடச் சேமிப்பிலும் மூத்த குடிமக்கள் கணக்கிலும் ஏஜெண்டுக்கு ஒரு பைசா கிடையாது, 2011 டிசம்பரோடு அதை நிறுத்திவிட்டார்கள். கீழே நான் எதைத் தூக்கிப் பேசுகிறேன் என்பதை அந்தக் கண்ணோடே பாருங்கள்.

வாங்கும் முன்: காகிதம்

இன்ஜின் சத்தத்தைக் கேட்பதற்கு முன் ஆர்.சி. என்ற பதிவுப் புத்தகத்தைக் கேளுங்கள். சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டின் மீதும் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். ஆர்.சி.யில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். மலையில் ஓடும் பழைய ஜீப்புகளில் இன்ஜின் மாற்றுவது சாதாரணம். பூஷோ என்ற வகை இன்ஜின் இருந்த இடத்தில் டி.ஐ. என்ற வேறு வகை இன்ஜின் உட்கார்ந்திருக்கும். மாற்றியது தப்பில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டதுதான் தப்பு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. அப்படி விட்ட வண்டி, பதிவைப் புதுப்பிக்கப் போகும் நாளில் மாட்டிக்கொள்ளும். விற்றவர் அப்போது போனை எடுக்க மாட்டார்.

அடுத்தது தேதி. சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டிக்குப் பதிவு 15 வருடம். அதன்பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் வண்டிக்கு 2013, 2018, 2023 என்று மூன்று முறை ஆகிவிட்டது. 2022 ஏப்ரலில் இருந்து காருக்கும் ஜீப்புக்கும் இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் இன்னொரு மாற்றம் வந்தது. 20 வயது தாண்டிய வண்டி என்றால் 10,000 ரூபாய். பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் இதற்கு மேல். வாங்கப்போகும் வண்டிக்கு அடுத்த புதுப்பிப்பு எட்டு மாதத்தில் வருகிறது என்றால், அந்தத் தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள்.

"பதினஞ்சு வருசம் ஆனா கவர்மெண்ட் வண்டியைப் புடுங்கிருவாங்களாமே" என்று ஸ்டாண்டில் ஒருவர் மாற்றி ஒருவர் கிளப்பிக்கொண்டே இருப்பார்கள். டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 என்ற வயசுக் கணக்கு டெல்லியையும் அதைச் சுற்றிய பகுதியையும் பற்றியது. 2023 ஏப்ரலில் இருந்து 15 வருடத்தோடு ஒழிக்கச் சொன்னது அரசாங்கத்தின் சொந்த வண்டிகளை. நம் ஜீப்புக்குத் தகுதி இருக்கும்வரை ஓட்டலாம்.

கூலிக்கு ஆள் ஏற்றுவதற்கென்றே வாங்குகிறீர்கள் என்றால் கதை வேறு. வெள்ளை போர்டில் காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றக் கூடாது. ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பது அதைத்தான். மஞ்சள் போர்டு, பர்மிட், 8 வயதுக்கு மேல் வருடா வருடம் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று, குமுளியையோ கம்பம்மெட்டையோ தாண்டினால் கேரள வரி என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். உள்ளே எத்தனை பேர் ஏற்றலாம் என்பதும் பர்மிட்டில் எழுதியிருக்கும். அதை மீறி ஏற்றும் ஜீப்பில் நான் பணம் வாங்குவேன், ஏற மாட்டேன்.

வேறு மாநிலப் பதிவு வண்டி மலிவாகக் கிடைக்கும். கேரளப் பதிவு ஜீப்பை வாங்கி இந்தப் பக்கமே வைத்துக்கொள்வதாக இருந்தால், அந்த ஆர்.டி.ஓ.வில் 28ஆம் நம்பர் படிவத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கேயே பதிவு மாற்ற வேண்டும். பழைய பைனான்ஸ் கடன் ஆர்.சி.யில் இன்னும் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். கடனைக் கட்டி முடித்தும் பெயரை நீக்காமல் விட்டவர்கள் ஏராளம்.

முதல் வருடம்: ஒரு நோட்டு

வண்டி வந்த அன்றே நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி டேஷ்போர்டில் போடுங்கள். தேதி, கிலோமீட்டர், என்ன சாமான், எவ்வளவு, யார் போட்டார்கள். மீட்டர் ஓடாத வண்டி என்றால் தேதி மட்டும் போதும். இன்ஜின் பிரித்தால் கிராங்க் என்ற உள்தண்டு எந்த அளவுக்குத் தேய்த்துக் கிரைண்டிங் ஆனது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். பத்து, இருபது, முப்பது என்று அளவு சொல்வார்கள், ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்ததில் அத்தனை பங்கு என்று அர்த்தம். ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் கிராங்க் மெலிகிறது. முப்பது அடித்த கிராங்கா, இன்னும் ஸ்டாண்டர்டில் இருக்கிறதா என்பது தெரிந்தால், அந்த இன்ஜின் உங்கள் அறுபது வயதுவரை தாங்குமா என்று மேஸ்திரியால் ஓரளவு சொல்ல முடியும். அது தெரியாமல்தான் பலர் ஓடாத இன்ஜினில் காசைப் போடுகிறார்கள்.

ஒரு வருட நோட்டைக் கூட்டினால் உங்கள் வண்டி உண்மையில் வருடத்துக்கு எவ்வளவு கேட்கிறது என்று தெரிந்துவிடும். நான் முதல் தடவை கூட்டிக் காட்டியபோது வீட்டுக்காரர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

எதை முதலில் பார்ப்பது

காசு குறைவாக இருக்கும்போது எல்லாரும் இன்ஜினைத்தான் பார்ப்பார்கள். புகை வருகிறது, இழுவை இல்லை என்று. நான் சொல்லும் வரிசை வேறு: பிரேக், ஸ்டீயரிங், தண்ணீர், அதற்குப் பிறகு இன்ஜின். இழுவை இல்லாத வண்டி மெதுவாக ஏறும், அவ்வளவுதான். பிரேக் இல்லாத வண்டி லோயர் கேம்ப்புக்கு எப்படி இறங்கும் என்பதை நாங்கள் ஒருமுறை அனுபவித்துவிட்டோம்.

குமுளியில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். பின்னால் நாலு மூட்டை, முன்னால் நானும் என் மாமியாரும். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் பெடல் ஊறவைத்த சப்பாத்தி மாவு போலக் காலுக்குக் கீழே இறங்கிப்போனது. வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் இரண்டாவது கியருக்கு இறக்கினார், பிறகு முதல் கியர். இன்ஜின் அலறியது. லைனிங் கருகும் வாடை, பழைய துணியைத் தீயில் போட்ட மாதிரி, உள்ளே ஏறியது. மலையோரம் இருந்த ஓடையில் இடது சக்கரத்தை இறக்கி நிறுத்தினார். மாமியார் அதுவரை தூங்கிக்கொண்டுதான் இருந்தார்.

கழற்றிப் பார்த்தால் நான்கு வீல் சிலிண்டரிலும் ரப்பர் கப் ஊதிப்போய் இருந்தது. அதற்கு முந்தின வாரம் ஒரு பட்டறையில் பிரேக் ஆயில் குறைகிறது என்று கையில் கிடைத்த ஏதோ எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள். பிரேக் ஆயில் வேறு, இன்ஜின் ஆயில் மாதிரியான மினரல் எண்ணெய் வேறு. அந்த மினரல் எண்ணெய் ஒரு மூடி அளவு கலந்தாலே பிரேக்கில் உள்ள ரப்பர் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும். மாஸ்டர் சிலிண்டரில் இருந்து ஹோஸ்வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து சீல் உடைக்காத பிரேக் ஆயில் டப்பா ஒன்று சீட்டுக்கு அடியில் இருக்கிறது. யார் ஊற்றினாலும் அதில் இருந்துதான். திறந்த டப்பா காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் என்பதால் மிச்சத்தை வைத்துக்கொள்வதில்லை. அமைப்பில் உள்ள ஆயிலையும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றிவிடுகிறோம்.

இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இது எல்லாருக்கும் தெரியும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுபவர்களும் எல்லாரும்தான்.

தண்ணீர் விஷயம் இன்னும் அல்பமானது. ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங்கும் ரப்பரும் போனால் தண்ணீர் குறைவான சூட்டிலேயே கொதித்து வெளியேறும். ஏற்றத்தில் அதைக் கவனிக்காமல் ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போகும். ஹெட் வளைந்தால் லேத் பட்டறையில் லெவல் அடிக்க வேண்டும். ஒரு டீக்கடைச் செலவில் முடியும் மூடிக்காக ஒரு மாத வருமானத்தைக் கொடுத்தவர்கள் என் அட்டைக்கட்டிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். மூடி, ஃபேன் பெல்ட், மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் எல்லாவற்றையும் மே மாதத்தில் பாருங்கள். ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் மலையில் வண்டிக்கு அடியில் படுக்க முடியாது.

மழைக்கு முன்பே யூ போல்ட்டை முடுக்குங்கள், வண்டியைத் தாங்கும் கமான் பட்டை எதுவும் விரிசல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள், கிரீஸ் அடிக்க வேண்டிய இடத்தில் எல்லாம் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். மழைக்குப் பிறகு சேஸிஸைக் கழுவுங்கள். ஏலத்தோட்டத்துக்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு: பொட்டாஷ் மூட்டை ஏற்றிய அன்றைக்கே பின்பக்கத் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். சிந்திய உரமும் ஈரமும் சேர்ந்தால் தகடு அப்பளம் ஆகிவிடும். டிங்கரிங் செலவைக் கேட்டால் அடுத்த தடவை தானாகக் கழுவுவீர்கள்.

பட்டறையும் சாமானும்

பழைய வண்டி வாங்கும்போது அழகைப் பார்க்காதீர்கள். பத்து கிலோமீட்டருக்குள் எத்தனை பேர் அதே வண்டி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கட்டப்பனை, நெடுங்கண்டம் பக்கம் ஜீப் இன்னும் ஓடுவதால்தான் நமக்குச் சாமான் கிடைக்கிறது. அங்கே போனால் கடைக்காரர் பொருளை மேசை மேல் வைத்து, "சேச்சி, ஒரிஜினல் அல்ல, பக்ஷே கொள்ளாம்" என்பார். ஒரிஜினல் இல்லை, ஆனால் பரவாயில்லை என்று அர்த்தம். பல்ப், கண்ணாடி, மட்கார்டு ரப்பர் மாதிரி விஷயத்துக்கு அந்தக் கொள்ளாம் போதும். பிரேக், ஸ்டீயரிங் சாமானுக்குப் போதாது. கிளச் ரிலீஸ் பேரிங்குக்கும் போதாது. பேரிங் மலிவுதான், அதை மாற்றக் கியர்பாக்ஸை இறக்கும் கூலிதான் பெரியது. பெரிய கூலிக்கு உள்ளே போகும் சின்ன சாமானை எப்போதும் நல்லதாகவே போடுங்கள்.

கையில் வைத்துக்கொள்ள: ஃபேன் பெல்ட் ஒன்று, டீசல் ஃபில்டர் ஒன்று, ரேடியேட்டர் ஹோஸ் ஒரு ஜோடி, யூ ஜாயின்ட் கிராஸ் ஒன்று. கிடைக்கிறதே என்று ரப்பர் சாமானை மூட்டையாக வாங்கி அடுக்காதீர்கள். மாட்டாமலே வெடித்துப்போகும். இருக்கும் ஒன்றை வண்டியில் மாட்டிவிட்டு, புதிதாக ஒன்றை வாங்கிப் பெட்டியில் வையுங்கள்.

பெரிய கவலை ஆள். எங்கள் வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சேர்க்கும் மேஸ்திரிக்கு அறுபத்தி ஏழு வயது. பட்டறையில் பையன்கள் எல்லாம் கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கும் வண்டிக்குப் போய்விட்டார்கள். டீசல் பம்ப் காலிபரேஷன், டைமிங் வைப்பது மாதிரி வேலைகளை அவர் செய்யும்போது வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று போனில் படம் எடுக்கிறார். என் மகனும் பார்க்கிறான். நீங்களும் டாப்பெட் அட்ஜஸ்ட் (இன்ஜின் வால்வு இடைவெளியைச் சரிசெய்வது), பிரேக் ஷூ மாற்றுவது, டீசலில் காற்று பிடித்தால் எடுப்பது ஆகிய மூன்றையாவது கற்றுக்கொள்ளுங்கள். மேஸ்திரிக்குக் கூலி பாக்கி வைக்காதீர்கள். பாக்கி வைத்தவன் வண்டி வரிசையில் கடைசியில்தான் நிற்கும்.

வண்டிக் கணக்கு

சரி, பணத்துக்கு வருவோம். நோட்டில் கூட்டிய வருடச் செலவை 12ஆல் வகுங்கள். அதுதான் வண்டியின் மாதச் சம்பளம். அதை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி தனி சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும், திடீர் ரிப்பேருக்கு. இன்னொரு பாதியை ஆர்.டி.யில் போடுங்கள். அது இன்ஜின் வேலை, டயர், பதிவுப் புதுப்பிப்பு மாதிரி பெரியவற்றுக்கு.

தபால் ஆபீஸ் ஆர்.டி. 5 வருடம். மாதம் 100 ரூபாயில் இருந்து போடலாம். 6.7 சதவீத வட்டியில் மாதம் 1,000 போட்டால் 5 வருட முடிவில் 71,366 ரூபாய். ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டியபிறகு, அதுவரை சேர்ந்ததில் பாதிவரை அதன்மேலேயே கடன் எடுக்கலாம். நடுரோட்டில் கியர்பாக்ஸ் போனாலும் கந்துவட்டிக்காரன் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. தவணை தவறினால் 100 ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம். நாலு தவணைக்கு மேல் விட்டுவிட்டால் கணக்கு நின்றுவிடும்.

நம் ஊர் வருமானம் மாதச் சம்பளம் இல்லை என்பது எனக்குத் தெரியும். காய் எடுப்பு நடக்கும் மாதங்களில் கை நிறைய இருக்கும், ஏப்ரல் மே மாதத்தில் மளிகைக் கடையில் கணக்கு எழுதுவோம். அதற்கும் வழி இருக்கிறது. ஆறு மாதத் தவணையைச் சேர்த்து முன்கூட்டியே கட்டினால் 100 ரூபாய்க்கு 10 ரூபாயும், பன்னிரண்டு மாதத்தைக் கட்டினால் 40 ரூபாயும் தள்ளுபடி தருகிறார்கள். மாதம் 1,000 ரூபாய்க் கணக்கை டிசம்பரில் ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 400 ரூபாய் மிச்சம். இதைக் கேட்டு வாங்குங்கள். பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ஏலக்காய் விலையைப் பார்த்துச் செலவைத் தீர்மானிக்காதீர்கள். 2019 ஆகஸ்டில் கேரளத்தில் புற்றடியில் நடந்த ஏலக்காய் ஏல விற்பனையில் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. அந்த வருடம் கம்பத்தில் எத்தனை புது வண்டி இறங்கியது என்று எனக்குக் கண்ணில் நிற்கிறது. 2021இல் சராசரி விலை 1,000க்குக் கீழே வந்தபோது, மாதத் தவணை கட்ட முடியாமல் அதே வண்டிகளை விற்கக் கேட்டார்கள். எங்கள் பழைய ஜீப்புக்குத் தவணை இல்லை. அந்த வருடம் எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

வயசுக் கணக்கு

இது வண்டிக் கணக்கோடு ஒட்டவே கூடாது. வேறு பாஸ்புக், முடிந்தால் வேறு ஆபீஸ்.

உங்களுக்கு 40 வயது ஆகவில்லை, வருமான வரி கட்டுவதில்லை என்றால் அடல் பென்ஷன் யோஜனாவில் சேருங்கள். 60 வயதில் இருந்து மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய்வரை பென்ஷன். 5,000 வேண்டுமென்றால் 18 வயதில் சேருபவர் மாதம் 210 ரூபாய் கட்ட வேண்டும், 30 வயதில் 577, 40 வயதில் 1,454. எத்தனை வருடம் தள்ளிப்போடுகிறோமோ அவ்வளவு விலை என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு என்னிடம் இல்லை. உங்களுக்குப் பிறகு கணவனுக்கோ மனைவிக்கோ அதே தொகை வரும். மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று எப்படி வேண்டுமானாலும் கணக்கில் இருந்து பிடிக்கச் சொல்லலாம். சீசன் வருமானக்காரர்கள் ஆறு மாதத்தைக் கேளுங்கள், பிடிக்கும் மாதத்தில் கணக்கில் பணம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதம் 15,000 ரூபாய்க்குள் சம்பாதிப்பவர்களுக்கு பிரதமரின் ஷ்ரம் யோகி மாந்தன் என்று இன்னொன்று இருக்கிறது. 2019இல் வந்தது, 18 முதல் 40 வயதுவரை சேரலாம். 29 வயதில் சேர்ந்தால் மாதம் 100 ரூபாய், அதே அளவு அரசாங்கமும் போடும், 60 வயதில் மாதம் 3,000. பி.எஃப். பிடிக்கப்படுபவர்கள் இதில் சேர முடியாது. டிரைவர்களும் மெக்கானிக்குகளும் தமிழ்நாடு அரசின் அமைப்புசாரா ஓட்டுநர்கள், பழுதுபார்க்கும் தொழிலாளர்கள் நல வாரியத்திலும் பதிந்துகொள்ளுங்கள். அதற்குக் காசு ஒன்றும் பெரிதாக ஆகாது, சோம்பல்தான் தடை.

40 தாண்டிவிட்டதா? அப்படியென்றால் பி.பி.எஃப். 15 வருடம், வருடத்துக்கு 500 ரூபாயில் இருந்து ஒன்றரை லட்சம்வரை. 2020 ஏப்ரலில் இருந்து வட்டி 7.1 சதவீதத்திலேயே நிற்கிறது. இந்த வட்டி அப்படியே இருந்தால், வருடத் தொடக்கத்தில் 12,000 ரூபாய் என்று 15 வருடம் போட்டால் சுமார் 3.25 லட்சம் வரும். மாதத்தின் 5ஆம் தேதிக்குள் போட்டால்தான் அந்த மாத வட்டி சேரும். எனக்கு இதில் கமிஷன் இல்லை என்று சொன்னேன் அல்லவா, இருந்தும் நான் இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஸ்டாண்டில் எல்லாரும் எல்லாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ஒருவர் கட்டாவிட்டால் இன்னொருவருக்குக் கோர்ட்டில் இருந்து காகிதம் வரும். பி.பி.எஃப். பணத்தைக் கடனுக்காகக் கோர்ட் ஜப்தி செய்ய முடியாது.

எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு

மலைக்குக் கூலிக்குப் போகும் பெண்களில் பலருக்குத் தங்களுக்கு பி.எஃப். இருக்கிறதா என்றே தெரியாது. கூலிச் சீட்டில் பிடித்தம் இருக்கிறதா பாருங்கள், யு.ஏ.என். என்ற பி.எஃப். நம்பரைக் கேட்டு வாங்குங்கள், உமாங் என்ற அரசாங்கச் செயலியில் பாஸ்புக்கைப் பாருங்கள். அங்கே முதல் சிக்கல் பெயரில் வரும். எஸ்டேட் பதிவேட்டில் மாரியம்மா, ஆதாரில் மாரியம்மாள், பாங்கில் இனிஷியலோடு மா. மாரியம்மாள். மூன்றும் மூன்று ஆள் என்றுதான் கம்ப்யூட்டர் நினைக்கும். வேலையில் இருக்கும்போதே முதலாளி கையெழுத்தோடு கூட்டு உறுதிமொழி கொடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள். எஸ்டேட் கைமாறிவிட்டால் கையெழுத்துப் போட யாரும் இருக்க மாட்டார்கள்.

10 வருடச் சேவை முடிந்தால் 58 வயதில் மாதப் பென்ஷன் உண்டு. கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைச் சேவை வருடத்தால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். சராசரி 12,000, சேவை 15 வருடம் என்றால் 2,571 ரூபாய். குறைந்தது 1,000. ஏழெட்டு வருடத்தில் எஸ்டேட் மாறுபவர்கள் பென்ஷன் பணத்தை எடுத்துவிடாமல், சேவை வருடத்தைக் காட்டும் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி அடுத்த இடத்தில் சேர்த்துக்கொண்டால் 10 வருடம் ஆகிவிடும். ஒரு மிக்ஸி வாங்க அந்தப் பணத்தை எடுத்தவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

5 வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் பணிக்கொடை உண்டு. வருடத்துக்கு 15 நாள் கூலி. நாள் கூலி 450 என்று வைத்துக்கொண்டால் 20 வருடத்துக்கு 1,35,000 ரூபாய். சீசனுக்கு மட்டும் வேலை நடக்கும் இடத்தில் 15க்குப் பதில் 7 நாள்.

மொத்தப் பணம் கைக்கு வந்தால்

பி.எஃப்.பும் பணிக்கொடையும் ஒன்றாக வரும் வாரத்தில் உறவுக்காரர்கள் எல்லாம் ஞாபகம் வைத்துக்கொண்டு வருவார்கள். மருமகன் ஜீப் வாங்கலாம் என்பார். அந்தப் பணத்தில் வண்டி வாங்காதீர்கள், பழையதானாலும் சரி, புதிதானாலும் சரி. இருக்கும் வண்டியின் இன்ஜினைக்கூட அதில் பிரிக்காதீர்கள். அதற்கு வண்டிக் கணக்கு இருக்கிறது.

60 முடிந்தவர்கள் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். 55க்கு மேல் ஓய்வு பெற்றவர்களும் பணம் வந்த 3 மாதத்துக்குள் என்றால் சேரலாம். 30 லட்சம்வரை போடலாம், 5 வருடம், 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி. 5 லட்சம் போட்டால் ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் 10,250 ரூபாய். வட்டி விகிதத்தைக் காலாண்டுக்கு ஒருமுறை அறிவிப்பார்கள், ஆனால் போட்ட அன்றைய விகிதம் உங்களுக்கு 5 வருடம் மாறாது. வாரிசு பெயரை எழுதாமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.

எப்போது விடுவது

நோட்டைப் பாருங்கள். தொடர்ந்து இரண்டு வருடம் வண்டிக் கணக்கு போதாமல் வெளியே கடன் வாங்கினீர்களா? சேஸிஸில் வெல்டிங் வைக்க வேண்டிய நிலை வந்துவிட்டதா? கிராங்க் முப்பது தாண்டிவிட்டதா? இதில் இரண்டுக்கு ஆமாம் என்றால் விட்டுவிடுங்கள். இரும்புக் கடைக்குத் தள்ளாமல், பதிவுபெற்ற வாகன அழிப்பு மையத்தில் கொடுத்து டெபாசிட் சான்றிதழ் வாங்குங்கள். அதைக் காட்டினால் அடுத்து வாங்கும் வண்டிக்குச் சாலை வரியில் சலுகை கிடைக்கும். ஆர்.சி.யை ரத்து செய்த காகிதத்தையும் பத்திரமாக வையுங்கள். உங்கள் பெயரில் உள்ள வண்டி வேறு யார் கையிலோ ஓடிக்கொண்டிருப்பது தலைவலி.

எங்கள் கமாண்டருக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட இன்னும் ஆகவில்லை. கிராங்க் இருபதில் நிற்கிறது. அடுத்த புதுப்பிப்பு 2028. 10,000 ரூபாயில் 6,000 வண்டிக் கணக்கில் சேர்ந்துவிட்டது. மிச்சம் 4,000, இந்தச் சீசனின் கடைசிக் காய் எடுப்பில் வந்துவிடும்.